பேர் சொல்ல மாட்டோம்

இயந்திரம் வந்து இறங்கிய அன்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். இத்தனை நாள் எதிர்பார்த்த பொருள் ஒரு டிபன் டப்பா அளவுக்குத்தான் இருந்தது. அது லாரியில் வரும், கிரேன் வைத்து இறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பெரிய டாக்டர் மதில் சுவரில் ஒரு பக்கத்தை இடித்து வைத்திருந்தார். கூரியர் ஆள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடிக்காத பக்கமாக உள்ளே வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அதை ஒரு ஸ்ட்ரிப்பில் தொட்டு உள்ளே செருகினால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உடம்பில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு என்று எண் சொல்லிவிடும். நல்ல உடம்பில் அது ஐநூறுக்கு மேல் இருக்கும், இருநூறுக்குக் கீழே போனால் ஆபத்து. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்த எண் உயிர் மாதிரி. அது சரிந்துகொண்டே போனால் மருந்து பிடிக்கவில்லை, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இயந்திரம் விலை மலிவு, பேட்டரியில் ஓடும், வெயிலுக்கும் தூசுக்கும் அசையாது. ரோடு இல்லாத ஊர், லேப் இல்லாத ஊர், கரண்ட் இல்லாத ஊர் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் யாரோ புண்ணியவான்கள் அதைச் செய்திருந்தார்கள். பெரிய டாக்டர் இருக்கும் ஊரை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு முதல் பியூனின் காக்கிச் சட்டை வரை அவள் கைபட்டுத்தான் விறைப்பாக நிற்கும். அவளுடைய தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். இரண்டாவது மாடிச் சுவரில் சாரத்தில் நின்றுகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பான். இப்போது வாளியைத் தூக்கவே உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருந்தது. தவறாமல் மாத்திரை போட்டும் உடம்பு உருகிக்கொண்டே வந்தது.

“மருந்து மாத்தணும்னு எனக்கே தோணுது. ஆனா எண் இல்லாம மாத்தக் கூடாதுன்னு விதி” என்றாள் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா.

எண் வேண்டுமென்றால் ரத்தம் தலைநகருக்குப் போக வேண்டும். சூடு பட்டாலும் தாமதமானாலும் கெட்டுவிடும். அதைக் கொண்டுபோக ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜீப் உண்டு. அந்த ஜீப் காலையில் பெரிய டாக்டரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும். பிறகு அவர் வீட்டுக்குத் தண்ணீர் கேன் எடுக்கும். பிறகு அவர் மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும். இதெல்லாம் முடிந்து ரத்தம் தலைநகரைப் பார்க்கும்போது லேப் பூட்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வரும்: மாதிரி கெட்டுவிட்டது, மீண்டும் அனுப்பவும்.

“நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியிருக்கேன். என்னைவிட என் ரத்தம் அதிகமா ஊர் சுத்திடுச்சு” என்பார் பெஞ்சில் தம்பிக்குப் பக்கத்தில் உட்காரும் லாரிக்காரர். அவருக்கும் அதே வியாதி, அதே காத்திருப்பு. தம்பியைச் சிரிக்க வைக்க அந்தப் பெஞ்சில் அவர் ஒருவரால்தான் முடியும்.

அதனால் இயந்திரம் வந்த சேதி கேட்டதும் அக்கா இஸ்திரிப் பெட்டியைக்கூட நிமிர்த்தி வைக்காமல் ஓடினாள். ஒரு கோட்டின் கை கருகிப்போனது.

பெரிய டாக்டர் அப்போது இயந்திரத்தின் குறிப்பைப் படித்துவிட்டுக் கவலையில் இருந்தார். எங்கே வேண்டுமானாலும் எளிதாக எடுத்துச் செல்லலாம் என்று அதில் போட்டிருந்தது.

“எளிதா எடுத்துட்டுப் போகலாமாம்! அப்ப எவனாவது எடுத்துட்டுப் போயிட்டா யார் பொறுப்பு?” என்று ஹெட் கிளார்க்கைக் கேட்டார்.

பொறுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் மளமளவென்று நடக்கும். ஓர் அறையைக் காலி செய்தார்கள். அது நோயாளிகள் காத்திருக்கும் அறை. நடுவில் சிமென்ட் மேடை கட்டி, இயந்திரத்தை அதில் வைத்து, நான்கு மூலையிலும் போல்ட் அடித்தார்கள். மேலே இரும்புக் கூண்டு. கூண்டுக்குச் சங்கிலி. வெயிலுக்கு அசையாத இயந்திரத்துக்கு ஏ.சி. போட்டார்கள். நோயாளிகள் வெளியே வெயிலில் நின்றார்கள். கதவில் ஒரு பலகை தொங்கியது: நடமாடும் ரத்தப் பரிசோதனை நிலையம், நகர்த்தாதீர்கள்.

“ஐயா, தம்பிக்கு ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும்” என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. அவர் ஏழைகளிடம் கோபப்படுவதே இல்லை, விளக்கம் சொல்வார்.

“இங்க பாரும்மா. இப்பவே உன் தம்பிக்குப் பார்த்துட்டா, அப்புறம் திறப்பு விழாவுல எதைத் திறக்கறது? ஏற்கெனவே திறந்ததைத் திறக்கறதுக்கா சுகாதாரத் துறை இயக்குநர் தலைநகர்லேருந்து அவ்வளவு தூரம் வருவார்? அவர் வரலேன்னா இது திறக்காத இயந்திரம். திறக்காத இயந்திரத்துல எப்படிப் பார்த்தேன்னு ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. உன் தம்பி வந்து பதில் சொல்லுவானா?”

“அதுவரைக்கும் அவன் தாங்கணுமே ஐயா.”

“தாங்கச் சொல்லு. விழாவுல முதல் பயனாளியே அவன்தான். ஆயிரம் பேர் முன்னாடி பார்க்கப்போறோம். உனக்குப் பெருமையா இல்ல?”

இயக்குநருக்குத் தேதி கிடைக்கவில்லை. முதலில் அவருக்குச் சளி, பிறகு ஒரு மாநாடு, பிறகு மாநாட்டில் பிடித்த சளி. தம்பியின் வாயில் புண் வந்து, கஞ்சி இறங்கவே கஷ்டமாகிவிட்டது. அக்கா தினமும் கடையில் இருந்தபடியே அந்த அறையின் ஜன்னலைப் பார்ப்பாள். இயந்திரம் உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

ஒருவழியாக விழா நாள் வந்தது. அன்று காலை பியூன் ஒரு கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். பை மாதிரித் தைத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டிருந்தார்கள்.

“இது என்னப்பா?”

“முகமூடிக்கா. மேடைக்கு வர்ற நோயாளி யாருன்னு தெரியக் கூடாதாம். நல்லா விறைப்பா போட்டுக் குடுங்க. இயக்குநர் பார்ப்பாரு.”

தம்பி முகத்தில் உறுத்தக் கூடாதே என்று அக்கா தையலை எல்லாம் நீவி நீவித் தேய்த்துக் கொடுத்தாள்.

மைதானம் நிரம்பியிருந்தது. மேடையில் இயக்குநருக்குச் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, மற்றவர்களுக்குப் பதவிக்கு ஏற்ற உயரத்தில் நாற்காலிகள். கடைசியாக ஒரு பத்தடி இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்த ஒரு ஸ்டூல். சிமென்ட் மேடையோடு பெயர்த்து எடுத்துவந்த இயந்திரம் நடுவில் இருந்தது. பின்னால் பெரிய திரை.

பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

“இந்த நோய் தொட்டால் பரவாது! பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாது! ஒதுக்கி வைப்பது மனிதத்தன்மை அல்ல! நோயாளியின் ரகசியம் எங்கள் உயிர் மூச்சு! எனவே நமது முதல் பயனாளியின் முகத்தை மறைத்திருக்கிறோம். பேர் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பி, பெயின்ட் வேலை செய்பவர், உடனே மேடைக்கு வரவும்!”

கூட்டம் மொத்தமும் திரும்பி அக்காவைப் பார்த்தது. அவள் அப்படியே தரைக்குள் போய்விட மாட்டோமா என்று நின்றாள். இதை எழுதும்போது எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. முகமூடி போட்ட தம்பி தடுமாறித் தடுமாறிப் படியேறி, பிளாஸ்டிக் தாளில் உட்கார்ந்தான். டாக்டரம்மா அவன் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள்.

இயக்குநர் கையை உயர்த்தினார்.

“நில்லுங்கள். ஏழைகளுக்காக வந்த கருவி இது. எங்கள் மேல் சோதித்துப் பார்க்காமல் ஏழைகள் மேல் சோதிப்பதற்கு என் மனசாட்சி இடம் தராது. முதலில் எங்கள் ரத்தம்!”

கைதட்டலில் பந்தல் ஆடியது. டாக்டரம்மா மட்டும், “சார், ஒரு ஆளுக்கு ஒரு ஸ்ட்ரிப். ஒரு தடவை ரத்தம் பட்டா குப்பைதான். இருக்கறதே ஒரு பெட்டி” என்று மெல்லச் சொன்னாள். மைக் அவளிடம் இல்லை.

சிறப்பு விருந்தினர் கடைசியில் என்பதுதானே விழா முறை? கீழே இருந்து ஆரம்பித்தார்கள். பியூனுக்கு ஆயிரத்து இருநூறு என்று திரையில் வந்தது. பலத்த கைதட்டல். அடுத்து ஹெட் கிளார்க். எண்ணூறு. மேடையில் சங்கடமாகப் போய்விட்டது. பியூனைவிட ஹெட் கிளார்க்குக்குக் குறைச்சலா? வேறு விரலில் குத்தினார்கள், எண்ணூற்றுப் பத்து. இடது கையில் குத்தினார்கள், எழுநூற்றுத் தொண்ணூறு. கடைசியில் பியூனின் எண்ணைச் செல்லாது என்று அறிவித்து ஹெட் கிளார்க்கின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

துணை டாக்டருக்குத் தொள்ளாயிரம். பெரிய டாக்டருக்கு எண்ணூற்று முப்பது. அவர் மேடைக்குப் பின்னால் போய் மூச்சை இழுத்துவிட்டு, நான்கு தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தார். எண்ணூற்று இருபது. துணை டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, எண் குறைகிறவரை குத்திக்கொண்டே இருந்தார்கள். கறுப்புப் பையின் இரண்டு ஓட்டைகளும் குப்பைக் கூடையில் விழும் ஸ்ட்ரிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தன. தம்பியின் விரலில் ஸ்பிரிட் எப்போதோ காய்ந்துவிட்டது.

கடைசியாக இயக்குநர் சட்டைக் கையை மடக்காமலே விரலை நீட்டினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். டீ வந்தது, குடித்தார்கள். திரையில் எண் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டு.

மேடையில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. மறுபடி குத்தினார்கள். நூற்று ஒன்பது.

பெட்டியில் ஒரே ஒரு ஸ்ட்ரிப் மிச்சம் இருந்தது. டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டு வேகமாகத் தம்பி பக்கம் போனாள். பாதி வழியில் பெரிய டாக்டரின் கை அதைப் பிடுங்கியது.

“இயக்குநரோட கௌரவமே போகுது, இவனோட எண்ணைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?”

மைக் அணைக்கப்படவில்லை. மைதானம் முழுக்க அது கேட்டது.

மூன்றாவது தடவை நூற்றுப் பதினான்கு. பெரிய டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: “இயந்திரத்துக்கு நமது சீதோஷ்ணம் இன்னும் பழகவில்லை. எளியவர்களின் ரத்தத்தைச் சரியாகக் காட்டுகிறது. பெரியவர்களின் ரத்தத்தைப் படிக்கும் பக்குவம் அதற்கு வரவில்லை. எனவே இது பழுது என்று முடிவு செய்யப்படுகிறது. விழா இனிதே நிறைவுற்றது.”

தேசிய கீதம் முடிகிறவரை தம்பியும் எழுந்து நின்றான். பிறகுதான் கேட்டான். “அக்கா, இதைக் கழட்டலாமா?” அவளே ஏறிப்போய்க் கழற்றினாள். உள்பக்கத் துணி முழுக்க ஈரம். அது வியர்வை என்று அவன் சொன்னான், அவளும் சரி என்றாள்.

மறுநாள் காலையிலேயே ஹெட் கிளார்க் வீட்டிலிருந்து ஆள் வந்து, தேய்த்ததும் தேய்க்காததுமாகத் துணியை மூட்டை கட்டி எடுத்துப் போனான். மூட்டையைக் கையால் தொடவில்லை, குச்சியில் மாட்டிக்கொண்டான். மதியத்துக்குள் கடை காலி. தொட்டால் பரவாது என்று கைதட்டிய அதே கூட்டம்தான்.

அன்றே இயக்குநரின் கார் தலைநகருக்குக் கிளம்பி நின்றது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஐஸ் பெட்டி, அதற்குள் ஒரே ஒரு குப்பியில் இயக்குநரின் ரத்தம். அக்கா டாக்டரம்மாவைக் கெஞ்சி, தம்பியின் ரத்தத்தையும் ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஐயா, பெட்டி காலியாத்தானே இருக்கு. ஒரு ஓரமா வெச்சா போதும்.”

பெரிய டாக்டர் பாம்பை மிதித்தவர் போலப் பின்வாங்கினார். “என்ன பேசறே? அவங்க ரத்தமும் உன் தம்பி ரத்தமும் ஒரே பெட்டியிலயா?”

“தொட்டா பரவாதுன்னு நேத்து மைக்குல சொன்னீங்களே ஐயா. குப்பியும் மூடித்தானே இருக்கு.”

“அது பொதுமக்களுக்குச் சொன்னது” என்றார் அவர். கார் போய்விட்டது. தம்பியின் ரத்தம் ஜீப்பில் போனது. மாமியாரோடு கோயிலுக்குப் போய்விட்டுப் போனது. லாரிக்காரரின் ரத்தமும் கூடவே போனது.

தலைநகரில் இயக்குநருக்கு என்ன எண் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பழுதான இயந்திரம் கூண்டைவிட்டுக் காணாமல் போனது. பழுது பார்க்கப் போயிருப்பதாக அறையில் எழுதி ஒட்டினார்கள். காலிக் கூண்டுக்கு ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது, பூட்டும் சங்கிலியும் அப்படியே இருந்தன.

தம்பி படுக்கையில் விழுந்தான். கடைக்கு ஒரு கைக்குட்டைகூட வராத நாட்கள் அவை. அப்படி ஒரு நாள் பியூன் அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். கையில் அதே கறுப்பு முகமூடி.

“அக்கா, இதைத் துவைச்சு இஸ்திரி போட்டுக் குடுங்க. சாயங்காலம் வேணும். பழைய வாடை இருக்கக் கூடாதாம்.”

“இந்தத் தடவை யாருக்கு?”

“அது ரகசியம்க்கா. பின்வாசல் வழியா வருவாரு, மருந்து வாங்க. அவர் வந்து போற வரைக்கும் யாரும் வராந்தாவுல நிக்கக் கூடாதாம்.”

“இயந்திரம் என்னப்பா ஆச்சு? பழுது பார்த்தாச்சா?”

“அதுக்கென்ன பழுது? தலைநகர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவர் நம்ம ஊர் ஓரமா ஒரு பங்களாவுல வந்து தங்கியிருக்காரு, அங்க ஜோரா வேலை செய்யுது. நான்தான் சைக்கிள் கூடையில வெச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். புதுப் பெட்டி ஸ்ட்ரிப்கூட வந்தாச்சு. அப்பப்போ விரல்ல குத்திப் பார்த்துக்கறாரு” என்று சொன்ன பிறகுதான் பியூன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எங்கே வேண்டுமானாலும் எளிதாக எடுத்துச் செல்லலாம் என்று குறிப்பில் போட்டிருந்தது பொய்யில்லை. சைக்கிள் கூடையில் போயிருக்கிறது. ஒரே ஒரு வீட்டுக்கு.

அக்கா முகமூடியைத் துவைத்தாள், காயவைத்தாள், பெட்டி சூடாகும்வரை பொறுமையாக நின்று மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். அதைத் தட்டு போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

“வெச்சுட்டுப் போம்மா” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“போறேன் ஐயா. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். இது யாருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அவர் தலை நிமிர்ந்தது.

“பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் பேர் சொல்ல மாட்டேன். நீங்க எப்படிச் சொல்லலையோ அப்படியே நானும் சொல்ல மாட்டேன். சிம்மாசனம் மாதிரி நாற்காலியில உட்கார்ந்தவரு, திரையில நூற்றுப் பன்னிரண்டு வந்தவரு, இயந்திரத்தை வீட்டுல வெச்சிருக்கறவருன்னு மட்டும் சொல்லுவேன். மைக் வாடகைக்குக் கிடைக்குது ஐயா. கடையில எனக்கு இப்ப வேலையும் இல்ல.”

பெரிய டாக்டர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

பொழுது சாய்வதற்குள் பியூன் சைக்கிளில் வந்துவிட்டான். இயந்திரம் கூடையில் ஒரு துண்டுக்கு அடியில் இருந்தது. விழா இல்லை, திரை இல்லை, கூண்டும் இல்லை. அக்கா வீட்டின் ஆட்டம் கண்ட கட்டிலுக்கு அதைத் தூக்கிக்கொண்டே வந்தாள் டாக்டரம்மா. தம்பியின் விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு. டீ ஆறுவதற்குள் எண் வந்தது. நாற்பத்தாறு. டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்து புது மருந்து எழுதினாள். அவ்வளவுதான் வேலை. ஒரு மதில் சுவரை இடித்து, ஓர் அறையைப் பூட்டி, ஒரு குடும்பத்தைச் சந்தியில் நிறுத்தி, இத்தனை மாதம் செய்யாமல் இருந்த வேலை அவ்வளவுதான்.

மறுநாள் இயந்திரத்தைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண மேஜையில் வைத்தார்கள். வரிசையாகக் கூப்பிட்டார்கள். லாரிக்காரரைக் கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. போன வாரமே போய்விட்டார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவருக்குத் தலைநகரிலிருந்து பதில் மட்டும் அன்று வந்திருந்தது: மாதிரி கெட்டுவிட்டது, மீண்டும் அனுப்பவும்.

தம்பிக்கு இப்போது கஞ்சி இறங்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறான். சாரத்தில் ஏறுவானா என்று கேட்டால் டாக்டரம்மா பார்க்கலாம் என்கிறாள்.

“நிஜமாவே மைக்குல சொல்லியிருப்பீங்களாக்கா?” என்று நான் அவளைக் கேட்டேன்.

“சேச்சே. எண் குறைஞ்சு போனா அவரும் நோயாளிதானே? கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். பெட்டியில் கரியை ஊதிவிட்டுச் சொன்னாள்: “ஆனா பெரிய டாக்டருக்கு அந்தச் சந்தேகமே வரல பாருங்க. அவர் செய்யக்கூடியதைத்தான் நானும் செய்வேன்னு நம்பிட்டாரு.”

முகமூடியை அவள் அன்று பெரிய டாக்டரின் மேஜையில் வைக்கவில்லை, கையோடு எடுத்து வந்துவிட்டாள். கேட்கவும் யாரும் வரவில்லை. கடையில் ஹேங்கரில் மாட்டி வைத்திருக்கிறாள், மடிப்புக் கலையாமல், இரண்டு ஓட்டையும் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கிற மாதிரி. உள்ளே போகிற கார்கள் அந்த இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகின்றன.